நாய் ஏன் இழுக்கிறது? லீஷில் அமைதியாக நடக்கப் பழக்குவதைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

காலை ஆறு மணிக்கு நகரத்தின் எந்தக் குடியிருப்புத் தெருவில் நின்றாலும் இந்தக் காட்சியைக் காணலாம். ஒரு வயது லேப்ரடார் ஒன்று, கழுத்துப் பட்டை தொண்டையை அழுத்த, கரகரவென்று மூச்சு வாங்கியபடி முன்னால் பாய்கிறது. அதன் உரிமையாளர் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, நாயைப் பிடித்து நடத்தும் வாரான லீஷை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, செருப்புத் தேய அதன் பின்னால் போகிறார். எதிரே வருபவர்களில் ஒருவராவது ஆலோசனை சொல்லாமல் கடந்து போவதில்லை. "நீங்கதான் தலைவர்னு அதுக்குக் காட்டணும் சார்" என்பார் ஒருவர். "நல்லா ஓட விடுங்க, களைச்சு அடங்கிடும்" என்பார் இன்னொருவர். "முள் பட்டை வாங்கிப் போடுங்க, ஒரே வாரத்துல சரியாயிடும்" என்பார் மூன்றாமவர். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நாய் ஏன் இழுக்கிறது என்ற கேள்விக்கு மூவருடைய விடையும் தவறானது.

லீஷில் நடப்பதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. இழுப்பது என்பது நாய் கற்றுக்கொண்ட ஒரு செயல். பரபரப்பு என்பது அந்த நேரத்தில் அதன் உடலும் மூளையும் இருக்கும் நிலை. செயலை மாற்றும் வழி வேறு. நிலையைத் தணிக்கும் வழி வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் பலருடைய முயற்சி மாதக்கணக்கில் நீண்டும் பலன் தருவதில்லை. முதலில் செயலைப் பார்ப்போம்.

தேரும் வடமும்

தேர்த் திருவிழாவில் வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும்: வடம் தொய்ந்து கிடக்கும்வரை தேர் அசையாது, எல்லோரும் சேர்ந்து இழுத்து, வடம் விறைத்தால்தான் சக்கரம் உருளும். நாயின் பார்வையில், லீஷின் மறுமுனையில் இருக்கும் நாம்தான் அந்தத் தேர். முதன்முதலாக லீஷ் கட்டி வெளியே வந்த குட்டி, தெருமுனைக் குப்பைத் தொட்டியின் வாசனையை நோக்கிச் சாய்கிறது, லீஷ் விறைக்கிறது, "குட்டிதானே, போகட்டும்" என்று நாம் இரண்டடி எடுத்து வைக்கிறோம். இழுத்தது, தேர் நகர்ந்தது. அரை மணி நேர நடையில் இது ஐம்பது முறை நிகழ்ந்தால், ஐம்பது முறை ஒரே பாடத்தை நாமே சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

இதன் அடிப்படையை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898இல் பூனைகளைக் கொண்டு காட்டினார். பசித்த பூனையை ஒரு மரக்கூண்டுக்குள் வைப்பார். உள்ளே தொங்கும் வளையத்தை இழுத்தாலோ, மிதிகட்டையை அழுத்தினாலோ கதவு திறக்கும். வெளியே உணவு காத்திருக்கும். முதல் முறை கண்டபடி பிராண்டும் பூனை தற்செயலாகத்தான் கதவைத் திறக்கும். மீண்டும் மீண்டும் அடைக்கப்படும்போது, வெளியேற அது எடுக்கும் நேரம் படிப்படியாகக் குறையும். ஒரு செயலைத் தொடர்ந்து வரும் விளைவு, அந்தச் செயல் மறுபடி நிகழும் வாய்ப்பைக் கூட்டுமானால், அதற்கு வலுவூட்டல் என்று பெயர். பின்னாளில் பி.எஃப். ஸ்கின்னர் விரிவாக ஆராய்ந்தது இதைத்தான்.

இங்கே பலரும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். வலுவூட்டல் என்றால் பிஸ்கட் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். லீஷில் நடக்கும் நாய்க்கு மிகப் பெரிய கூலி, முன்னால் போவதுதான். நம் நடை மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர்; உற்சாகமான ஒரு நாயின் இயல்பான ஓட்டநடை அதைவிட வேகமானது. ஆகவே எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலேயே லீஷ் விறைத்துவிடுகிறது; விறைத்தபின் நாம் நடந்தால், கையில் ஒரு துண்டு பிஸ்கட் இல்லாமலேயே கூலி கொடுத்துவிட்டோம்.

சில நாட்கள் கொடுத்து, சில நாட்கள் மறுத்தால் என்ன ஆகும்? திங்கள் முதல் வியாழன் வரை லீஷ் விறைக்கும்போதெல்லாம் நின்றுவிட்டு, வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று இழுபட்டுக்கொண்டே போனால், இழுப்பது குறையாது, இன்னும் பிடிவாதமாகும். எப்போதாவது மட்டும் கிடைக்கும் கூலிக்கு இடைவிட்ட வலுவூட்டல் என்று பெயர். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடை செய்யப்படுவதற்கு முன்னால் நாள்தோறும் சீட்டு வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். என்றோ ஒரு நாள் விழுந்த நூறு ரூபாய்தான் அவர்களை அடுத்த இருநூறு நாட்களுக்கு வாங்க வைத்தது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: நாய் இழுப்பதற்குக் காரணம், இழுப்பது பலன் தருகிறது என்பதே. அந்தப் பலனைத் தருபவர் லீஷைப் பிடித்திருப்பவர்.

"நீங்கதான் தலைவர்" என்ற கதை

முதல் ஆலோசனையை இங்கேயே முடித்துவிடலாம். நாய் முன்னால் நடப்பது தலைமைக்குப் போட்டியிடுவதாகும் என்ற கருத்து, ஓநாய் ஆராய்ச்சியிலிருந்து வழிதவறி வந்தது. ருடால்ஃப் ஷென்கெல் 1947இல் வெளியிட்ட ஆய்வு, சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைப் பற்றியது. அந்தக் கருத்தை 1970இல் வந்த தம் நூலின் வழியே பரப்பிய டேவிட் மெக், காட்டில் வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரில் கவனித்த பிறகு, 1999இல் ஒரு கட்டுரையில் அதைத் தாமே திருத்தினார்: இயற்கையான ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் அவற்றின் பிள்ளைகளுமே, அதில் பதவிப் போட்டிக்குப் பெரிய இடமில்லை. குப்பைத் தொட்டியை நோக்கிப் பாயும் லேப்ரடாருக்கு உங்கள் பதவி மீது ஆசை கிடையாது. அதற்கு வேண்டியது குப்பைத் தொட்டி.

பால் பொங்கும் கணம்

இனி நிலைக்கு வருவோம். அடுப்பில் பால் வைத்தவர்கள் அறிவார்கள்: விளிம்பில் நுரை எழும்போது தீயைக் குறைத்தால் பால் அடங்கும், பொங்கி வழிந்த பிறகு குமிழைத் திருகிப் பயனில்லை. நாயின் உடலிலும் இதுபோல் ஓர் ஏற்றம் உண்டு. புதிய வாசனை, வேறொரு நாய், பூனை, துள்ளி ஓடும் குழந்தை, இவற்றில் எது எதிர்ப்பட்டாலும் இதயத் துடிப்பு கூடும், அட்ரினலின் சுரக்கும், கவனம் ஒரே புள்ளியில் குவியும். இதைக் கிளர்ச்சி என்பார்கள். அது கூடிக்கொண்டே போய், இனி நம் குரல் அதன் காதில் விழாது என்ற இடத்தைத் தொடுவதுதான் தாங்கு எல்லை.

தாங்கு எல்லைக்கு அப்பால் போய்விட்ட நாய் எதையும் கற்பதில்லை. அங்கே "உட்கார்! உட்கார்!" என்று கத்துவதால் நாம் கத்துகிறோம் என்பதை அக்கம்பக்கத்தார் மட்டும் அறிந்துகொள்கிறார்கள். எல்லை நெருங்குவதை முன்கூட்டியே காட்டும் அடையாளங்கள் உண்டு: திறந்திருந்த வாய் சட்டென்று மூடும்; காதுகள் முன்னோக்கி நிற்கும்; உடல் விறைக்கும்; பெயரைச் சொன்னால் காது கூட அசையாது. இவற்றையெல்லாம் விட நம்பகமானது உணவு. வீட்டில் பாய்ந்து வாங்கிச் சாப்பிடும் அவித்த கோழித் துண்டைத் தெருவில் மூக்கருகே நீட்டியும் அது திரும்பிப் பார்க்கவில்லை என்றால், பால் பொங்கிவிட்டது என்று பொருள். அதைத் திமிர் என்று எண்ணிக் கோபப்படுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு நாயை விட அவர்கள் மீதுதான் இரக்கம் வருகிறது. காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியை வைத்துக்கொண்டே, அதில் எழுதியிருப்பதைப் படிக்காமல் விடுகிறார்கள்.

இரண்டாவது ஆலோசனையும் இங்கேதான் சறுக்குகிறது. பந்தை நூறு முறை எறிந்து நாயை ஓட வைத்தால் அன்றைக்குக் களைக்கும், உண்மைதான். ஆனால் நாள்தோறும் ஓடும் நாய்க்கு உடல்வலிமை கூடும். அடுத்த மாதம் அதைக் களைக்க வைக்க இருநூறு முறை எறிய வேண்டியிருக்கும். தவிர, பந்தைத் துரத்துவதே கிளர்ச்சியை ஏற்றும் விளையாட்டு. ஓட்டமும் விளையாட்டும் நாய்க்கு வேண்டியவையே. லீஷில் நடக்கும் பாடத்துக்கு அவை மாற்றாகாது.

கதவுக்கு முன்னாலேயே தொடங்குகிறது

எங்கள் வீட்டு நாய்க்கு ஷூ அலமாரியின் கதவு கிறீச்சிட்டால் போதும். லீஷ் கையில் வருவதற்குள் அது மூன்று முறை கூடத்தைச் சுற்றிவிடும். மணியோசைக்கு எச்சில் ஊறும் நாய்களைப் பற்றி நாம் பள்ளியில் படித்தது இதுதான்: உணவுக்கு முன்பாக மீண்டும் மீண்டும் கேட்ட ஒலி, உணவைப் போலவே உடலைத் தயார்ப்படுத்திவிடுகிறது என்று இவான் பாவ்லோவ் காட்டினார். லீஷின் கொக்கி ஒலி, நடைக்கான மணியோசை. வாசலைத் தாண்டும்போதே பாதி பொங்கிவிட்ட நாயைத்தான் பலர் தெருவில் பழக்க முயல்கிறார்கள்.

இந்தப் பிணைப்பைத் தளர்த்துவது எளிது. பொறுமை மட்டும் வேண்டும். ஒரு நாளில் ஐந்தாறு முறை லீஷை எடுத்து, கையில் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படியுங்கள். மறுபடி ஆணியில் மாட்டிவிடுங்கள். சில சமயம் நாய்க்குக் கட்டிவிட்டு, வெளியே போகாமல் அவிழ்த்துவிடுங்கள். ஒரு வாரத்தில் அந்த ஒலியின் வீரியம் குறையும். பிறகு கதவு: நான்கு கால்களும் தரையில் இருந்தால் கதவு திறக்கும், துள்ளினால் மூடும். எந்தக் கட்டளையும் தேவையில்லை, கதவே பேசிக்கொள்ளும்.

மொட்டை மாடியில் முதல் பாடம்

தெரு, கடைசித் தேர்வு எழுத வேண்டிய கூடம். பாடத்தை அங்கே தொடங்கக் கூடாது. வீட்டுக் கூடத்திலோ, வெயில் தாழ்ந்த மொட்டை மாடியிலோ தொடங்குங்கள். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரண லீஷ் போதும். அவித்த கோழி, பனீர், கேரட், எது பிடிக்குமோ அதைச் சுண்டைக்காய் அளவு துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை மூன்றும் நாய்க்கு நஞ்சு. குழம்பில் வெந்த கறித் துண்டை அப்படியே எடுத்துத் தருவதைத் தவிர்ப்பது அதனால்தான்.

இலக்கு என்ன என்பதில் தெளிவு வேண்டும். நாய் நம் காலோடு ஒட்டிக்கொண்டு அணிவகுப்பில் போவதுபோல நடக்கத் தேவையில்லை. துணி காயவைக்கும் கொடி நடுவில் தொய்வதுபோல லீஷ் தொய்ந்திருந்தால் போதும். நாய் முன்னால் இருந்தாலும் பக்கத்தில் இருந்தாலும் குற்றமில்லை.

ஓர் அடி எடுத்து வையுங்கள். நாய் உங்களோடு வந்து, லீஷ் தொய்ந்திருக்கும் கணத்தில் ஒரு குறுஞ்சொல்லைச் சொல்லுங்கள். உடனே உங்கள் தொடையை ஒட்டிக் கையைத் தாழ்த்தித் துண்டைக் கொடுங்கள். அந்தச் சொல்லுக்குக் குறிச்சொல் என்று பெயர்: "இதோ, இந்தக் கணத்தில் செய்ததற்குத்தான் கூலி" என்று சுட்டிக்காட்டும் சொல். டால்ஃபின் பழக்குபவர்கள் விசில் ஊதுவதும் இதற்கே. அது உயரத் துள்ளியிருக்கும் கணத்தில் வாய்க்குள் மீனைப் போட முடியாது, ஆனால் ஒலி எட்டிவிடும். வீட்டுப் பேச்சில் அடிக்கடி வராத சொல்லாக இருக்கட்டும். "சரி" என்று வைத்துக்கொண்டால், தொலைபேசியில் நீங்கள் சரி, சரி என்று பேசும்போதெல்லாம் நாய் ஓடி வந்து நிற்கும். எங்கள் வீட்டில் இது நடந்தது.

ஓர் அடிக்கு ஒரு துண்டு, பிறகு மூன்று அடிக்கு, பிறகு ஏழு அடிக்கு. ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் போதும். மாடியில் இருபது அடி தொய்வாக நடந்தால் மாடிப்படிக்கு, பிறகு வாசலுக்கு, பிறகு ஆளில்லாத சந்துக்கு. இடம் மாறும்போதெல்லாம் இரண்டு படி பின்வாங்கி, ஓர் அடிக்கு ஒரு துண்டு என்ற கணக்கிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மாடியில் கற்றது சந்தில் தானாகவே வந்துவிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். நாய்க்கு அவை இரண்டு வெவ்வேறு பாடங்கள்.

முட்டுக்கட்டை போடுதல்

இருந்தாலும் இழுக்கும். அப்போது தேரின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவதைப் போல நின்றுவிட வேண்டும். லீஷைச் சுண்டி இழுக்கக் கூடாது, திட்டவும் வேண்டாம். கையை இடுப்போடு சேர்த்துக்கொண்டு நில்லுங்கள். நாய் திரும்பிப் பார்த்தோ, ஓர் எட்டுப் பின்வைத்தோ லீஷ் தளர்ந்ததும் நடங்கள். இழுத்தால் தேர் நிற்கிறது, தொய்ந்தால் ஓடுகிறது. இப்போது வடத்தின் விதி தலைகீழாகிவிட்டது.

இந்த முறையைக் கைவிட்டவர்கள் ஏராளம். "நின்னு நின்னு பார்த்தேன், பத்து அடிக்கு ஒரு தடவை நிக்க வேண்டியிருக்கு" என்பார்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. நாய் இழுக்கிறது, நாம் நிற்கிறோம், அது திரும்பி வருகிறது, நாம் துண்டு கொடுக்கிறோம். நாய் இந்த நான்கையும் சேர்த்து ஒரே சங்கிலியாகக் கற்றுக்கொண்டுவிடும்: கூலி வேண்டுமென்றால் முதலில் இழுக்க வேண்டும்! கெட்டிக்கார நாய்கள் இதை இரண்டே நாளில் பிடித்துக்கொள்ளும். ஆகவே, நின்ற பிறகு திரும்பி வந்ததற்குத் துண்டு தராதீர்கள்; மறுபடி நடப்பதே அதற்குப் போதுமான கூலி. ஐந்தாறு அடி தொய்வாக நடந்த பிறகு துண்டு கொடுங்கள். இன்னும் முக்கியமாக, இழுப்பதற்கு முன்னாலேயே கொடுங்கள்.

அவசர நாட்களுக்கு ஒரு வழி உண்டு. பயிற்சிக்கு ஒரு பட்டையும், மற்ற நேரத்துக்கு வேறொரு பட்டையும் வைத்துக்கொள்ளலாம். மழை தூறும்போது சிறுநீர் கழிக்க மட்டும் கீழே அழைத்துப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது பட்டையை மாட்டுங்கள். அதில் இழுத்தாலும் கண்டுகொள்ளாதீர்கள். எந்தப் பட்டையில் எந்த விதி என்பதை நாய் பிரித்துக்கொள்ளும். அதே போல் எந்த ஆளிடம் எந்த விதி என்பதையும் பிரித்துக்கொள்ளும். அம்மாவிடம் அழகாக நடந்துவிட்டுத் தாத்தாவைத் தெரு முழுக்க இழுத்துப் போகும் நாய்கள் பல வீடுகளில் உண்டு.

திரும்பவும் தொகுத்தால்: தொய்ந்த லீஷுக்குக் கூலி, விறைத்த லீஷுக்கு முட்டுக்கட்டை, முதலாவது அடிக்கடி நடந்தால் இரண்டாவதற்குத் தேவை குறையும்.

மூக்குக்கும் பங்கு

மனிதனின் மூக்கில் மோப்ப ஏற்பிகள் சுமார் 50 லட்சம். நாய்க்கு 10 கோடிக்கும் மேல். மின்கம்பத்தடியில் அது நிற்கும் ஒரு நிமிடம், நமக்கு அன்றைய நாளிதழ். அதைப் பறித்துக்கொண்டு விரைந்து நடந்தால், அடுத்த கம்பத்துக்கு அது இன்னும் வேகமாக இழுக்கும். மாறாக, மோப்பத்தையே கூலியாக்கலாம்: பத்து அடி தொய்வாக நடந்தால், "போ, மோந்துக்கோ" என்று சொல்லி, கம்பம் வரை நாமும் கூடப் போய் நிற்கலாம். தலையைத் தாழ்த்தி நிதானமாக மோப்பம் பிடிக்கும் நாயின் பரபரப்பு தணிவதைக் கண்ணால் காணலாம். என் அனுபவத்தில், அரை மணி நேரம் விரைந்து நடந்து வந்த நாளை விட இருபது நிமிடம் மோந்து நடந்த நாளில்தான் எங்கள் நாய் வீடு திரும்பியதும் படுத்துத் தூங்கியது.

எல்லா நாய்க்கும் தூண்டுகோல் ஒன்றல்ல. பீகிளுக்குத் தரையில் கிடக்கும் வாசனை. முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் ஓடும் உருவம். தூரத்தில் ஓர் அணில் அசைந்தாலே போதும்.

தெருநாய்களும் தூரமும்

நம் ஊரில் நாயை நடக்கப் பழக்குபவர்களுக்கு இருக்கும் சிக்கல், வெளிநாட்டுக் காணொளிகளில் காணக் கிடைக்காதது. ஒவ்வொரு சந்துக்கும் சொந்தக்கார நாய்கள் நாலைந்து இருக்கும். நம் நாய் எட்டிப் பார்த்ததும் அவை எழுந்து நிற்கும். இங்கே தீயைக் குறைக்கும் குமிழ் ஒன்றுதான்: தூரம். நம் நாய் அவற்றைப் பார்த்த பிறகும் துண்டை வாங்கிச் சாப்பிடக்கூடிய தூரம் எதுவோ, அது தாங்கு எல்லைக்கு இப்பால். சில நாய்களுக்கு அது பத்து மீட்டர், சிலவற்றுக்கு ஐம்பது.

அந்தத் தூரத்தில் நின்று, தெருநாய் கண்ணில் பட்டதும் துண்டு, மறைந்ததும் துண்டு நிற்பது என்று சில வாரம் செய்தால், தெருநாயைக் கண்டதும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கும். பரபரப்பைக் கிளப்பிய காட்சியையே நல்ல ஒன்றின் முன்னறிவிப்பாக மாற்றும் இந்த முறைக்கு எதிர்ப்பழக்கம் என்று பெயர். தூரத்தை அதற்குப் பிறகே குறைக்க வேண்டும். எதிர்பாராமல் முட்டுச் சந்தில் மாட்டிக்கொண்டால் பாடம் எதுவும் நடத்தாமல் அரைவட்டமாகத் திரும்பி வந்துவிடுங்கள். அதற்காகவே "வா, திரும்பு" என்று மாடியில் விளையாட்டாகப் பழக்கி வைப்பது நல்லது.

கழுத்தில் என்ன மாட்டுவது

மூன்றாவது ஆலோசனைக்கு வருவோம். முள் பட்டையும் சுருக்குச் சங்கிலியும் சில நாய்களை நிறுத்துகின்றன என்பதை மறுக்க முடியாது. வலி எதையும் சில காலம் நிறுத்தும். ஆனால் வலிக்கும் கணத்தில் நாய் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது? எதிரே வந்த நாயை, அல்லது சைக்கிளில் போன சிறுவனை. பாவ்லோவின் மணியோசை இங்கே வேறு விதமாக அடிக்கிறது: அந்தச் சிறுவன் வந்தால் கழுத்து வலிக்கும். ஆர்வத்தால் இழுத்த நாய், சில மாதத்தில் பயத்தால் உறுமும் நாயாக மாறுவதற்கு இது ஒரு வழி. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா நாய்களுக்கும் கூலி சார்ந்த பயிற்சியையே பரிந்துரைத்திருக்கிறது.

சாதாரணக் கழுத்துப் பட்டையும், விடாமல் இழுக்கும் நாய்க்கு நல்லதல்ல. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், கழுத்துப் பட்டை அழுத்தும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடியது. மார்பைச் சுற்றும் ஹார்னெஸில் அப்படிக் கூடவில்லை. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சே சிக்கல் என்பதால் ஹார்னெஸ்தான் ஏற்றது. லீஷை மாட்டும் வளையம் நெஞ்சின் முன்பக்கத்தில் இருக்கும் ஹார்னெஸில், நாய் இழுத்தால் அதன் உடல் நம் பக்கம் திரும்பும். ஆனால் அது பழகும்வரை கைகொடுக்கும் கருவி மட்டுமே. வாங்கவே கூடாதது, பெட்டிக்குள் சுருண்டு நீளும் லீஷ். அதன் சுருள்வில் எப்போதும் விறைப்பாகவே இருக்கும். நாய் இழுத்தால்தான் நீளும். இழுத்தால் தேர் நகரும் என்ற பாடத்தை அந்தப் பெட்டியே நாள் முழுக்க நடத்திக்கொண்டிருக்கும்.

எத்தனை நாள் ஆகும்

குட்டியிலிருந்து தொடங்கினால் சில வாரம். ஈராண்டு இழுத்துப் பழகிய நாய்க்குச் சில மாதம். நடுவில், ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடைப்பட்ட விடலைப் பருவத்தில், கற்றதெல்லாம் காற்றில் போனது போலத் தோன்றும். அப்போது ஒரு வாரம் மொட்டை மாடிக்கே திரும்பிப் போகலாம். சித்திரை வெயிலில் நடையைப் பாடமாக்க வேண்டாம்: தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது, சூட்டில் துடிக்கும் நாய் எதையும் கவனிக்காது.

முன்னேற்றத்தை எப்படி அறிவது என்று பலர் கேட்பார்கள். லீஷின் தொய்வு அதைத் தாமதமாகத்தான் காட்டும். அதற்குச் சில நாள் முன்பே வேறோர் அடையாளம் தெரியும்: நீங்கள் அழைக்காமலேயே, தெரு நடுவில், நடந்துகொண்டிருக்கும் நாய் ஒரு நொடி தலையைத் திருப்பி உங்களை நிமிர்ந்து பார்க்கும். அப்போது பையில் துண்டு இருக்க வேண்டும்.